டிக் சத்தம் வராத கிரில்

போன மாதம் ஷகிலா போன் செய்தாள். நான் விருப்ப ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த தண்டையார்பேட்டை சர்வீஸ் சென்டரில் இப்போது அவள்தான் இன்சார்ஜ்.

"அக்கா, எலெக்ட்ரிக் கிரில்லு மறுபடியும் ஷோக்கா விக்கிது. வாங்கினவங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க. டெய்லி சமையலுக்கு இது ஆவுமா, ஆவாதா? பசங்க முழிக்கிறாங்க. நீங்க ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, செவுத்துல ஒட்டிட்றேன்" என்றாள்.

ஒரு பக்கம்தான் எழுத உட்கார்ந்தேன். இது நீண்டுவிட்டது. இதை ஒட்ட அவளுக்கு இரண்டு சுவர் வேண்டும்.

நான் வியாசர்பாடிக்காரி. பெயர் யசோதரா. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் வகுப்பில் நாங்கள் இரண்டே பெண்கள். இன்னொருத்தி கல்யாணமாகிப் போய்விட்டாள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் வருஷம் ஒயர் சீவினேன், இரண்டாம் வருஷம் மோட்டார் சுற்றினேன், மூன்றாம் வருஷம் வேலை தேடி அலைந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் இந்த சர்வீஸ் சென்டரில் சேர்ந்தேன். மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், குக்கர், கிரில் என்று சமையலறைச் சாமான் எல்லாம் எங்களிடம் வரும். பகலில் வீட்டில் பெண்கள் தனியாக இருக்கிறார்கள், பெண் மெக்கானிக் போனால் நல்லது என்று என்னை எடுத்தார்கள். அந்தப் பெண்களோ கதவைத் திறந்து எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள்.

"மெக்கானிக் எங்கம்மா?"

"நான்தான்கா."

"நீயா! ஏய் மல்லிகா, இங்க வந்து பாரேன், பொம்பள மெக்கானிக்கு!" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவார்கள். மிக்ஸியின் மூடியைக் கழற்றும்போது சுற்றி நாலு பேராவது நிற்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் கை நடுங்காமல் திருகாணி கழற்றப் பழகியதுதான் என் உண்மையான பயிற்சி.

எங்கள் இன்சார்ஜ் தயாளன் சார். சரக்குக் கப்பல்களில் எலெக்ட்ரீஷியனாக உலகம் சுற்றிவிட்டுக் கரையேறியவர். அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் ஒரு டெஸ்டர், கையில் பால் ஊற்றாத டீ. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. கேள்விதான் கேட்பார். நாம் பதில் சொல்லி முடிப்பதற்குள் நம் தப்பு நமக்கே தெரிந்து காது சூடாகிவிடும். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

அவர் வைத்திருந்த நடைமுறைகள் மூன்று. திருகாணியில் கை வைப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: கடைசியாக இதில் என்ன செய்தீர்கள், எந்த பிளக்கில் மாட்டினீர்கள், என்ன சத்தம் அல்லது நாற்றம் வந்தது. பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே கம்ப்ளெயிண்ட் கார்டில் எழுத வேண்டும். அடுத்தது, கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கி எறியக் கூடாது. கம்ப்ளெயிண்ட் நம்பர் எழுதிய சீட்டைக் கட்டி ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். மூன்றாவதுதான் எல்லாரும் விரும்பியது. சென்டரில் ரிப்பேர் செய்த சாமானில் சமைத்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தர வேண்டும்.

"சுத்துது, சார்" என்று மிக்ஸியைக் காட்டினால், "சுத்துறதுக்கா அந்தம்மா வாங்கினாங்க?" என்று கேட்பார். உடனே தேங்காயும் பச்சை மிளகாயும் வாங்க ஆள் ஓடும். மதியச் சாப்பாடு அன்றைக்கு என்ன ரிப்பேர் ஆனது என்பதைப் பொறுத்தது. மிக்ஸியும் குக்கரும் ஒரே நாளில் முடிந்தால் சட்னியும் சோறும். வெறும் அயர்ன் பாக்ஸ் மட்டும் வந்த நாட்களில் பட்டினி, ஆனால் எல்லார் சட்டையும் மடிப்புக் கலையாமல் இருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கிரில் வந்தது. திருவொற்றியூர் பக்கம் ஒரு தொழிற்சாலை, ஆண்டு விழாவுக்குத் தொழிலாளிகள் எல்லாருக்கும் எலெக்ட்ரிக் கிரில் கொடுத்தது. அதற்கு முந்தின வருஷங்களில் எவர்சில்வர் குடம் கொடுத்திருந்தார்கள். குடத்துக்கு கம்ப்ளெயிண்ட் வராது. கிரில்லுக்கு வந்தது பாருங்கள், போன் ரிசீவரைக் கீழே வைக்க முடியவில்லை.

சின்ன சூட்கேஸ் மாதிரி இருக்கும். திறந்தால் மேலும் கீழும் வரிவரியாகப் பள்ளம் வைத்த இரண்டு தட்டு. நடுவில் ரொட்டியோ மீனோ வைத்து மூடினால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வேகும். பெட்டியின் மேல் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. ஆனால் வாங்கிய குடும்பத்துக்கு அதில் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு அக்கா தோசை மாவை ஊற்றினார். தோசை நாடா நாடாவாக வந்தது. காலடிப்பேட்டையில் ஒருவர் கருவாட்டை வைத்து மூட, மாடியில் இருந்தவர்கள் எல்லாம் கீழே இறங்கி வந்துவிட்டார்கள். எண்ணூரில் தனியாகத் தங்கியிருந்த ஒரு பையன் பேன்ட்டை நடுவில் வைத்து அயர்ன் செய்து பார்த்திருந்தான். "கோடு கோடா வருதுங்க" என்பதுதான் அவன் கம்ப்ளெயிண்ட். அதையும் அவன் சொன்ன சொல்லிலேயே கார்டில் எழுதினேன்.

பாதிக் கம்ப்ளெயிண்ட் கிரில்லின் பழுதே இல்லை. விளக்குக்குப் போட்ட சின்ன பிளக்கில் மாட்டி, பியூஸ் போய், வீடே இருண்டிருக்கும். இல்லாவிட்டால் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கி, தட்டு சூடேற அரை மணி ஆகியிருக்கும். சரி செய்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் எல்லாரும் கேட்டது ஷகிலா இப்போது கேட்ட அதே கேள்விதான். ஆனால் கம்பெனி உத்தரவு கண்டிப்பானது: மெக்கானிக் அபிப்பிராயம் சொல்லக் கூடாது. "புஸ்தகத்தைப் படிச்சுப் பாருங்கக்கா" என்று சொல்லிவிட்டு நழுவி வருவோம்.

இப்போது எனக்கு உத்தரவு போட யாரும் இல்லை. அதனால் சொல்கிறேன். குழம்பு, சோறு, இட்லி எதுவும் அதில் ஆகாது. ஐந்து பேர் உள்ள வீட்டில் அதை நம்பி உலை வைக்காமல் இருக்க முடியாது. ஒரு முறைக்கு மூன்று துண்டு மீன்தான் வரும், முதல் ஆள் சாப்பிட்டுக் கை கழுவும்போது கடைசி ஆளுக்கு மீன் வெந்துகொண்டிருக்கும். தட்டைக் கழற்றிக் கழுவ முடியாத மாடலாக இருந்தால் இன்றைய சங்கரா மீன் நாளைய ரொட்டியில் மணக்கும். ஆனால் ஒருவர், இருவர் உள்ள வீட்டில் மீன், கத்திரிக்காய், சப்பாத்தி, பனீர் எல்லாம் ஒரு ஸ்பூன் எண்ணெயில் அழகாக வரும். எர்த் உள்ள பெரிய பிளக் கட்டாயம் வேண்டும். எர்த் இல்லாத வீட்டில் வாங்கவே வேண்டாம். இவ்வளவுதான் என் அபிப்பிராயம். ஷகிலா இந்தப் பத்தியை மட்டும் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

ஆனால் இந்தப் பத்தியில் அடங்காத ஒரு வீடு உண்டு.

திருவொற்றியூரிலிருந்து ஒரே ஆள் மூன்றாவது தடவையாக கம்ப்ளெயிண்ட் கொடுத்திருந்தார். பெயர் ஜெகன்னாதன். முதல் தடவை அவர் வீட்டு கிரில்லில் தெர்மோஸ்டாட் போயிருந்தது. தட்டு சூடானதும் கரண்டை நிறுத்தி, ஆறினால் மறுபடி விடுகிற சின்ன உறுப்பு அது. எங்கள் சென்டர் மெக்கானிக் மனோகர் போய்ப் புதிது மாற்றிவிட்டு வந்தான். அதற்கப்புறம்தான் தொல்லை. 'டிக் சத்தம் வரவில்லை' என்று இரண்டாவது கம்ப்ளெயிண்ட். மனோகர் மறுபடி போய், 'சூடு சரி, பழுது இல்லை' என்று எழுதி கார்டை மூடினான். மூன்றாவதாகவும் அதே 'டிக் சத்தம் வரவில்லை'.

"அந்தாளுக்குக் கண்ணு தெரியாது, யசோ. பாவம், இன்னாத்தையோ சொல்லிக்கினு கீறாரு. கிரில்லு ஜோரா கீது" என்றான் மனோகர்.

தயாளன் சார் டீயை வைத்தார். "அவரு சத்தம் வரலைன்னு சொன்னாரு. நீ எதைப்பா பாத்த?"

"பிளேட்ட, சார்."

சார் கார்டை என் பக்கம் நகர்த்தினார்.

ஒரு சந்துக்குள் ஒற்றை அறையும் சமையல் மூலையுமாக இருந்த வீடு. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நாற்பது நாற்பத்தைந்து வயதில் ஒருவர் கதவைத் திறந்தார்.

"மனோகர் வரலியா? இது வேற செருப்பு."

"நான் யசோதரா, அண்ணே. சர்வீஸ்லருந்து வந்திருக்கேன்."

"அடேங்கப்பா, தங்கச்சிய அனுப்பிக்கிறாங்க. வா வா. வாசப்படி ஒசரம், பாத்து வா."

கண் தெரியாதவர் எனக்குப் படி சொன்னார். கிரில் கொடுத்த அதே தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். குழாய் ஒன்று வெடித்து ரசாயனம் முகத்தில் தெறித்ததில் இரண்டு கண்ணும் போய்விட்டன. அதற்கப்புறம் மனைவி கஸ்தூரி தண்டையார்பேட்டையில் ஒரு தையல் யூனிட்டுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தார். காலையில் எட்டு மணிக்குப் போனால் இரவு ஏழுக்குத்தான் திரும்புவார். விடியற்காலையில் எழுந்து சமைத்து மூடி வைத்துவிட்டுப் போவார். கேஸ் அடுப்புப் பக்கம் ஜெகன் அண்ணன் போகக் கூடாது என்பது கஸ்தூரியின் கட்டளை. சிலிண்டரை மூடிவிட்டு ரெகுலேட்டரையே கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு போவாராம்.

நான் மூன்று கேள்வியைக் கேட்டேன். கடைசிக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சத்தம்தான் தங்கச்சி மேட்டரே. பழைய மிசினு டிக்குன்னு சொல்லும். பிளக்கு போட்டதும் கம்முனு இருக்கும். சூடு ஏறினா ஒரு டிக். அப்பத்தான் மீன வெக்கணும். அப்பால ஆறிச்சுன்னா ஒரு டிக், திரும்ப ஏறிச்சுன்னா ஒரு டிக். வஞ்சிரம் நாலு டிக். சங்கரா அஞ்சு. சப்பாத்தி ரெண்டே ரெண்டு. கத்திரிக்கா மட்டும் ஒம்போது, அது கொஞ்சம் பேஜாரு புடிச்ச காயி."

"இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரு சொல்லுவா? ரெண்டு மாசம் கருக்கித் துன்னு கத்துக்கினேன்."

அந்த கிரில் அவருக்கும் வந்த ஆண்டு விழாப் பரிசு. பார்சலைப் பிரித்துத் தடவிப் பார்த்துவிட்டு, நெருப்பு இல்லாத அடுப்பு என்று தெரிந்ததும் கஸ்தூரியிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கியிருக்கிறார். ஐந்து மாதம் மதியம் சூடாகச் சாப்பிட்டார். இரவு மனைவி வரும் நேரத்துக்குச் சப்பாத்தியும் மீனும் தயாராக வைத்தார். பிறகுதான் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, டிக் சத்தமே வராமல் தட்டு சூடேறிக்கொண்டே போய் வீடெல்லாம் புகை. அக்கம்பக்கத்தார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து பிளக்கைப் பிடுங்கினார்கள். மனோகர் மாற்றிய புது தெர்மோஸ்டாட் வேறு வகை. நன்றாகவே வேலை செய்தது, ஆனால் சத்தமில்லாமல்.

அவரையே கிரில்லைப் போடச் சொல்லிப் பார்த்தேன். இடது கை பிடியை விட்டு நகரவில்லை. வலது புறங்கையைத் தட்டுக்கு மேல் காட்டி, சூடு எங்கே இருக்கிறது என்று அளந்து, மரக்கரண்டியால் சப்பாத்தியைச் சரியாக நடுவில் இறக்கினார். மூடிவிட்டுக் காதைச் சாய்த்துக் காத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. திறந்தபோது பாதி வெந்திருந்தது.

"பாத்தியா? ஊமையாய்ட்ச்சு" என்றார்.

கார்டில் 'பழுது உண்டு' என்று எழுதினேன். என்ன பழுது என்று எழுதத் தெரியவில்லை.

மறுநாள் மதியம் சென்டர் வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். தையல் யூனிட்டின் அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது.

"நீதான் எங்க வூட்டுக்கு வந்த பொண்ணா? நான் கஸ்தூரி. சாப்பாட்டு டைம்ல ஓடியாந்துகிறேன், சீக்கிரம் பேசணும்." என்னைத் தெருவோரமாக இழுத்துப் போனார். "அந்த மிசினு இனிமே ரிப்பேர் ஆவாதுன்னு சொல்ட்டு எட்த்துனு பூடு. உனக்குப் புண்ணியமாப் போவும்."

"ரிப்பேர் ஆகுமே, அக்கா."

"ஆவும்னு தெரிஞ்சுதான் கேக்கறேன்! ரெண்டு கண்ணு பூட்ச்சு. அன்னிக்குப் புகை வந்தப்போ நான் இங்க மிசின்ல குந்திக்கினு கீறேன். பக்கத்து வூட்டுக்காரி போன் பண்ணி 'ஒங்க வூட்ல புகை'ன்றா. திருவொத்தியூர் போற வரிக்கும் பஸ்ல நான் எப்டிப் போனேன்னு எனக்குத்தான் தெரியும். இனிமே கையும் சுட்டுக்கினா நான் இன்னா பண்ணுவேன்? ஆறின சோறு துன்னா செத்தா பூடுவாரு?"

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடிவிட்டார். பொய் சொல்வது சுலபம். ஸ்பேர் பார்ட் வராது என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த அம்மாவுக்கு நிம்மதி, எனக்கும் ஒரு கார்டு குறையும். ஆனால் காதைச் சாய்த்துக்கொண்டு அந்த மனிதர் காத்திருந்தது கண்ணை விட்டுப் போகவில்லை.

தயாளன் சாரிடம் இரண்டு பேர் சொன்னதையும் அப்படியே சொன்னேன். அவர் கார்டை வாங்கிப் படித்தார்.

"அவரு கம்ப்ளெயிண்ட் என்ன?"

"சத்தம் வரலை, சார்."

"அந்தம்மா கம்ப்ளெயிண்ட் என்ன?"

"பயமா இருக்குன்னு சொல்றாங்க."

"அப்ப ஒரு மிஷின்ல ரெண்டு கம்ப்ளெயிண்ட். நீ ஏன் ஒண்ணைத்தான் எழுதியிருக்க?"

இரண்டாவதையும் எழுதினேன். 'பயம்.' எங்கள் சென்டர் கார்டில் அந்தச் சொல் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பழைய பாகம் வைக்கும் பெட்டியைக் கொட்டித் தேடினோம். சீட்டுக் கட்டிய தெர்மோஸ்டாட் கிடைத்தது. விரலால் அழுத்தினால் இன்னமும் கணீரென்று டிக் சொன்னது. எனக்கு ஒரே சந்தோஷம். சார் அதைப் பிரித்து, பூதக்கண்ணாடியை வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். கரண்டு சேரும் முனை இரண்டும் உருகிப் பள்ளம் விழுந்திருந்தன. தேய்த்துப் போட்டால் ஓடும். என்றைக்காவது மறுபடி ஒட்டிக்கொள்ளும், மறுபடி புகை. சத்தம் போடுகிற பாகம் ஆபத்தானது, ஆபத்தில்லாத பாகத்துக்கு வாயில்லை. அதே பழைய வகையில் புதிது கேட்டு கம்பெனியின் ஸ்பேர் பார்ட் டிப்போவுக்குப் போன் செய்தோம். அந்த வகை வருவது நின்றுவிட்டது என்றார்கள்.

இரண்டு நாள் யோசித்தோம். மனோகர் பாட்டுப் பாடுகிற காலிங் பெல் ஒன்றைக் கொண்டு வந்தான். சார் அதைக் கேட்டுவிட்டு, "மீன் வேகற வரைக்கும் இதைக் கேக்கணுமா?" என்றார். மூன்றாம் நாள் கரண்டு போய்த் திரும்பி வந்தபோது, மூலையில் இருந்த ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசர் டக்கென்று சத்தம் போட்டது. தினமும் கேட்கிற சத்தம்தான். அன்றைக்குத்தான் நான் திரும்பிப் பார்த்தேன்.

"சார், ரிலே!"

ரிலே என்றால் கரண்டு வந்தால் இழுத்துக்கொண்டு டக் சொல்லும், போனால் விட்டுவிட்டு டிக் சொல்லும். புது தெர்மோஸ்டாட்டுக்கு அப்புறம் ஒரு ரிலேயை இணைத்தால், தெர்மோஸ்டாட் ஊமையாக வேலை செய்யும், ரிலே அதற்காகப் பேசும். சார் என்னைப் பார்த்த பார்வையில் கேள்வி இல்லை. என் வேலைக்காலத்தில் அது இரண்டு தடவைதான் நடந்தது, இது முதல் தடவை.

கப்பல் உடைத்த சாமான் விற்கும் காயலாங்கடைக்கு அவரே என்னைக் கூட்டிப்போனார். குவிந்து கிடந்த பலகைகளிலிருந்து ஒவ்வொரு ரிலேயாகக் கழற்றி, கடைக்காரரின் பிளக்கில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைக்காரர் என்னிடம், "சாருக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லையா?" என்று ரகசியமாக விசாரித்தார். ஏழாவதோ எட்டாவதோ சாருக்குப் பிடித்தது. தெளிவான சத்தம். இழுத்துப் பிடித்திருக்கும்போது மெல்ல முனகவும் செய்தது.

மனோகர் போய் கிரில்லைச் சென்டருக்கு எடுத்து வந்தான். ரிலேயைச் சூடு தாங்கும் ஒரு பேக்கலைட் டப்பாவில் வைத்து, தட்டின் சூடு படாமல் ஒயரில் தொங்க விட்டோம். அதோடு சார் இன்னொன்றும் செய்யச் சொன்னார். தட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன தெர்மல் பியூஸ். தெர்மோஸ்டாட் மறுபடி ஒட்டிக்கொண்டாலும், புகை வரும் முன்னால் அது அறுந்து கிரில் செத்துவிடும். "இது அந்தம்மாவோட கம்ப்ளெயிண்ட்டுக்கு" என்றார்.

ஒரு வாரம் சோதனை. நடைமுறைப்படி சமையல்தான், ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு. மனோகர் துண்டைக் கட்டிக்கொண்டு எண்ணி எண்ணி வஞ்சிரம் சுட்டான். முதல் நாள் கரி, இரண்டாம் நாள் பச்சை, மூன்றாம் நாள் முதல் எல்லாரும் மதியத்தை எதிர்பார்க்க ஆரம்பித்தோம். பிறகு பியூஸையும் சோதிக்க வேண்டுமே. வேண்டுமென்றே தெர்மோஸ்டாட்டுக்குக் குறுக்கே ஒயர் கொடுத்து, அது ஒட்டிக்கொண்ட மாதிரி சூடேற்றினோம். புகை வரும் முன்னால் கிரில் நின்றது. புது பியூஸ் போட்டு மூடினேன்.

கம்பெனி சாமானில் மெக்கானிக் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று விதி. சார் கார்டை வாங்கி, 'கம்பெனி வாரண்டி இனி இல்லை, பொறுப்பு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கு மேலிடத்திலிருந்து பிறகு ஒரு கடிதம் வந்தது: ஏன் மாற்றினீர்கள், விளக்கம் தேவை. சார் ஒரே வரியில் பதில் போட்டார்: 'பார்வையில்லாத வாடிக்கையாளர் இதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பது உங்கள் கையேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?' அவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

கஸ்தூரி அக்கா வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து, ஜெகன் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டு போனேன். கதவைத் திறந்த அக்காவுக்கு என் கையில் கிரில்லைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"உன்கிட்ட இன்னா சொன்னேன் நான்?"

"இன்னா சொன்ன நீ?" என்று உள்ளேயிருந்து ஜெகன் அண்ணன் கேட்டார்.

நான் மறைக்கவில்லை. "ரிப்பேர் ஆகாதுன்னு சொல்லச் சொன்னாங்க, அண்ணே. அவங்களுக்கு பயம்."

ஜெகன் அண்ணன் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் தலையைத் தடவிக்கொண்டார். "பயம்னா என்கிட்ட சொல்லலாமில்ல, கஸ்தூரி?"

"சொன்னா நீ கேப்பியா?"

நான் கிரில்லைக் கீழே வைத்து, பின்பக்கத்தைத் திறந்து பியூஸைக் காட்டினேன். எங்கள் சென்டரில் எப்படிச் சூடேற்றிப் பார்த்தோம், எப்போது நின்றது என்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்கா அரைகுறையாகத்தான் நம்பினார். அப்போது ஜெகன் அண்ணன், "நீயே ஒரு தபா சுட்டுப் பாரு. என்ன மாதிரி, கண்ண மூடிக்கினு" என்றார்.

முந்தானையைக் கண்ணில் கட்டிக்கொண்டு கஸ்தூரி அக்கா உட்கார்ந்தார். பிளக்கைப் போட்டேன். ரிலே டக்கென்று இழுத்து முனக ஆரம்பித்தது. பிடியைத் தேடிக் காற்றில் துழாவினார்.

"லெப்ட்டு, லெப்ட்டு. உன் முட்டிக்கு நேரா."

"கம்முனு இருய்யா, தெரியும்."

"தெரியுமாம்! சப்பாத்திய என் கால்ல வெக்கிறா பாரு தங்கச்சி."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டிக். அவர் சப்பாத்தியை இறக்கினார், பாதி வெளியே தொங்கியது. மூடினார். டக். மறுபடி டிக். திறந்து, முந்தானையை இறக்கிப் பார்த்தார். வெந்த பாதியில் வரிவரியாகப் பொன்னிறம். கை சுடவில்லை.

அவர் சிரிக்கவில்லை. கணவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு நிமிசத்துக்கே எனக்கு வேர்த்துட்ச்சு" என்றார் மெல்ல. பிறகு குரலை உயர்த்தி நிபந்தனை போட்டார். முதல் ஒரு மாதம் தான் வீட்டில் இருக்கும்போது மட்டும்தான். அதற்கப்புறம் பகலிலும் செய்யலாம், ஆனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் பிளக்கைப் போட வேண்டும். ஜெகன் அண்ணன் பேரம் பேசிப் பார்த்தார். ஒரு நாள்கூடக் குறையவில்லை. சரி என்றார்.

"இப்ப நீ வூட்லதான கீற? நவுரு" என்று இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

மசாலா தடவிய வஞ்சிரம் ஏற்கெனவே தட்டில் தயாராக இருந்தது. நான் வருவேன் என்று காலையிலேயே வாங்கி வைத்திருக்கிறார். புறங்கையால் சூட்டை அளந்து மூன்று துண்டை வரிசையாக வைத்து மூடினார். ஒன்று, இரண்டு என்று உதடு மட்டும் அசைந்தது. நான்காவதில் திறந்து, ஒரு துண்டை எடுத்துத் தட்டில் வைத்து மனைவி பக்கம் நீட்டினார்.

கஸ்தூரி அக்கா பிட்டு வாயில் போட்டு மென்றார்.

"உப்பு கம்மி" என்றார்.

ஜெகன் அண்ணன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார்.

"கேட்டியா தங்கச்சி? அஞ்சு மாசமா நான் கருக்கிக் குடுத்தாலும் 'நல்லா கீது, நல்லா கீது'ன்னு துன்னுவா. மனசு நோவக் கூடாதாம். இன்னிக்கித்தான் வாயத் தொறந்து உப்பு கம்மின்றா!"

"கம்மின்னா கம்மின்னுதான் சொல்லுவாங்க. இதுக்குப் போயி இன்னா இளிப்பு?" என்று அவர் உப்பு ஜாடியை எடுத்துக் கணவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார்.